மருத்துவபீடக் கடிதம் வந்த வீட்டில் கடன் எதற்கு?

செட்டிபாளையத்தில் பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. நான் போனபோது அக்கா முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அறிவித்தல் அது. மகள் கடையொன்றில் அச்செடுத்து வந்திருந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்துக்கு அவள் தெரிவாகியிருந்தாள்.

"இதில எவ்வளவு காசு கட்டச் சொல்லியிருக்காங்க எண்டு பாத்துச் சொல்லுங்க மிஸ். நுண்கடன்காரரிட்ட மூணு லட்சம் கேட்டிருக்கன். வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னாங்க" என்றார் அக்கா.

நான் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படிப்புக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பதியிறதுக்கு ஒரு சின்னத் தொகைதான்."

"டொக்டர் படிப்புக்கா?" அக்கா நம்பவில்லை. "அங்கால வளவுக்காரர்ட மகனுக்கு ஒண்டரைக் கோடி முடிஞ்சதெண்டு சொல்றாங்களே."

அந்த மகன் படித்தது வெளிநாட்டில், தனியார் கல்லூரி ஒன்றில். அக்காவின் மகளுக்குக் கிடைத்திருப்பது அரச பல்கலைக்கழகம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வீட்டுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. கடிதம் வந்து ஐந்து நாட்களாகியும் அந்த வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள். "அம்மா கடன்படப் போறா எண்டு தெரிஞ்சதும், நான் போகல்ல, காமென்ஸுக்கு வேலைக்குப் போறன் எண்டுதான் நினைச்சிருந்தன் மிஸ்."

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பேச்சுத்தான். எமது பிரதேசத்தில் கணவனை இழந்தும், கணவன் காணாமற்போயும் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்மாரின் வீடுகளுக்கு இப்போது இப்படிப்பட்ட கடிதங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவை வரும்போது பயப்படாமல் இருக்கச் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கட்டணம் இல்லாத படிப்பு

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இதற்காக அரசாங்க சபையில் வாதாடினார். அவரே அம்பலாங்கொடையிலிருந்து புலமைப்பரிசில் பெற்றுக் காலியில் படித்தவர்தான். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற அந்த ஏற்பாட்டில் மருத்துவபீடமும் அடங்குகிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் என எந்த அரச மருத்துவபீடத்திலும், பொது அனுமதி முறையில் தெரிவாகும் பிள்ளையிடம் ஐந்து ஆண்டுகளுக்கும் கற்கைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி உண்டு. அந்த ஆண்டில் சம்பளமும் கிடைக்கும்.

மற்ற நாடுகளை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடிப்பவர்களில் பெரும்பாலானோர் இலட்சக்கணக்கான டொலர் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகம் 2018இல் தனது மருத்துவ மாணவர்களுக்குக் கற்கைக் கட்டணத்தை நீக்கியபோது அது உலகச் செய்தியானது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2020இல்தான் சட்டமாக்கினார்கள். அவர்களின் கட்டணத்தை ஏற்பதாக மாநில அரசு அறிவித்ததும் அதன் பிறகுதான். கியூபா 1999இல் தொடங்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவப் பாடசாலையில் பல நாட்டு ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கிறார்கள். படித்தபின் ஏழை மக்களிடம் திரும்பிச் சென்று பணி செய்வோம் என்பதே அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் வாக்கு.

மருத்துவபீட அனுமதி இசட் புள்ளி அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மட்டக்களப்பும் உண்டு. ஆகவே எமது பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளோடு மட்டுமே போட்டியிட வேண்டியதில்லை.

நான் தவறவிட்ட ஒரு பிள்ளை

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், 2016ஆம் ஆண்டு, படுவான்கரையில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. மருத்துவம் அல்ல, விவசாயம். தகப்பன் யுத்தத்தில் இறந்துவிட்டார். தாய் வயல்வேலைக்குப் போகிறவர். கடிதம் வந்த செய்தி எனக்குத் தெரியவந்தபோது பதிவுத் திகதி கடந்து ஒன்பது நாட்களாகிவிட்டன. மாதாமாதம் அந்தக் கிராமத்துக்குப் போய்வந்த நான், அந்த வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை இருக்கிறதென்று அறிந்திருந்தும் விசாரிக்கவில்லை. அங்குமிங்கும் ஓடிப்பார்த்தோம், பலனில்லை.

"காசு கேப்பாங்க எண்டு நினைச்சுப் பேசாம விட்டுட்டம் மிஸ்" என்று அந்தத் தாய் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். என்னை வழியில் கண்டால் சிரித்துப் பேசுவாள், அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. பரீட்சைப் பெறுபேறு வந்த வீடுகளுக்கு நான் முதலில் போவது அன்றிலிருந்துதான்.

பல்கலைக்கழகம் தரும் பதிவுத் திகதிக்குள் பதியாவிட்டால் இடம் கைநழுவிவிடும். காசு கையில் இல்லாவிட்டாலும் முதலில் பதிந்துவிடுங்கள். மீதியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் காசு எங்கே தேவை?

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. செட்டிபாளையத்து வீட்டில் அன்று மாலை நாங்கள் மூவரும் பாயில் இருந்து ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம்.

முதல் நாளில் தேவையானவை: பஸ் கட்டணம், மெத்தை, உடுப்பு, வெள்ளை மேலங்கி, சில புத்தகங்கள், பழைய மடிக்கணினி ஒன்று. எல்லாமாக 85,000 ரூபா வந்தது. மாதச் செலவு, சாப்பாடு, போக்குவரத்து, போட்டோக்கொப்பி, தொலைபேசி எல்லாம் சேர்த்து 20,000 ரூபா. உடற்கூற்றியல் படிக்க எலும்புகள் வேண்டும், அவற்றை மூத்த மாணவர்கள் கைமாற்றிக் கொடுப்பார்கள் என்று ஏற்கெனவே படிக்கும் பிள்ளை ஒன்று தொலைபேசியில் சொன்னது. ஸ்டெதஸ்கோப்பும் முதல் நாளே தேவைப்படாது.

மூன்று லட்சம் எங்கே, 85,000 எங்கே! அக்கா கொப்பியை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

பிறகு வரும் வழிகளை எழுதினோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியில் குறைந்த வட்டிக்கு 40,000 ரூபா கேட்கலாம். கட்டாரில் வேலை செய்யும் தாய்மாமன் மடிக்கணினிக்குப் பொறுப்பு. மெத்தையும் உடுப்பும் அக்கா சேர்த்து வைத்திருந்த சீட்டுக்காசில். இப்படி 85,000 ரூபா தீர்ந்தது. பாடசாலையின் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அதிபரின் கடிதத்தோடு விண்ணப்பித்தால் மாதம் 5,000 ரூபா தர முன்வருவார்கள் என்று தெரிந்தது. அக்கா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பதில் மாதம் 7,500 ரூபாவை மகளுக்கென ஒதுக்கலாம். மீதி 7,500 ரூபாவுக்கு மகாபொல.

நுண்கடன் எங்கள் தாய்மாரை என்ன செய்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. வாராவாரம் தவணை கட்டும் கடனை, ஐந்து வருடம் கழித்து உழைக்கப்போகும் பிள்ளைக்காக எடுப்பது பொருந்தாது. பிள்ளை முதலாம் ஆண்டு முடிக்கும் முன்பே தாய் கடன்காரர்களுக்கு ஒளிய வேண்டிவரும்.

மகாபொலவும் பேர்சரியும்

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி இதற்கு முன்னின்றார். மகாபொல வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானமும் லொத்தர் வருமானமும் இந்த நிதிக்குச் சேர்ந்தன. திறமை அடிப்படையிலும் குடும்ப வருமான அடிப்படையிலும் இது வழங்கப்படுகிறது.

நான் வந்தாறுமூலையில் சமூகவியல் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்தது 2,500 ரூபா. அதில்தான் நான் சாப்பிட்டேன், அதில்தான் தம்பிக்கும் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்துவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை பதியும் ஆண்டில் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழக மாணவர் நலன்புரிப் பிரிவில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பேர்சரி என்பது மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் மூலம் கிடைக்கும் உதவுதொகை. ஒரு பிள்ளைக்கு இரண்டில் ஒன்றுதான். மகாபொல கிடைக்கவில்லையென்று மனம்விட்டு இருந்துவிடாமல் பேர்சரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இந்தப் பணம் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் போன அன்றே வராது. விண்ணப்பம் சரிபார்த்து வங்கிக் கணக்கில் விழ மாதங்கள் செல்லலாம். இடையிலும் சிலவேளை தாமதமாகும். ஆகவே முதல் ஐந்தாறு மாதங்களுக்கான செலவை வேறு வழியில் ஆயத்தம் செய்ய வேண்டும். பிள்ளைகள் மனமுடைந்து திரும்பி வருவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஊர்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் உதவ நினைத்தால் இந்த ஆறு மாதத்துக்கு உதவுவதே பேருதவி.

அப்பாவின் பெயருக்கு எதிரே

விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கியபோது மகளின் பேனை ஓரிடத்தில் நின்றது. தந்தையின் தொழில், தந்தையின் வருமானம் என்று இருந்தது.

அக்காவின் கணவர் 2007இல் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி பலர் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். "செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிற மிஸ்?" என்று அக்கா எப்போதும் மறுத்துவிடுவார். அன்றும் அதையே சொன்னார். ஆனால் இம்முறை மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்காக வேணுமெண்டா வைக்கிறன்" என்றார்.

அப்படி வைக்க வேண்டிய தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவர்களின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழைப் பெறலாம். ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை, காணவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதைப் பெறுவதால் தேடுவதையோ நீதி கேட்பதையோ நீங்கள் கைவிட்டதாக ஆகாது. பிரதேச செயலகத்திலும், காணாமற்போனோர் அலுவலகத்திலும் இதுபற்றி விசாரிக்கலாம். எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். எந்த உத்தியோகத்தரும் உங்களை வற்புறுத்த முடியாது.

வருமானச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது, குடும்பத்தை நடத்துவது நீங்கள்தான், வருமானம் உங்களுடையது மட்டும்தான் என்பதை எழுத்தில் பதியும்படி கேளுங்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துமாக இருந்தால், பெறுபேறு வரும்வரை காத்திராமல் இப்போதே திருத்துங்கள். இடம்பெயர்ந்தபோதும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்தவர்கள் எம்மில் அநேகர். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மறுபிரதி எடுக்கலாம்.

மகள் அந்த இடத்தில் "காணாமற்போயுள்ளார்" என்று எழுதினாள். தாயின் வருமானம் என்ற இடத்தில் கிடுகும் இடியப்பமும் சேர்த்துக் கணக்கிட்ட தொகையை எழுதினாள். அக்கா அதற்குக் கீழே ஒப்பமிட்டார்.

பெறுபேற்றுக்கு முன்பே செய்ய வேண்டியவை

மருத்துவபீடத்துக்குப் போகும் வழியில் அதிகமான பிள்ளைகள் நின்றுவிடுவது பல்கலைக்கழக வாசலில் அல்ல, உயர்தர வகுப்பில். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றுக்கும் எல்லாக் கிராமப் பாடசாலைகளிலும் ஆசிரியர் இருப்பதில்லை. களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்பு நகருக்கோ பஸ்ஸில் போய்த் தனியார் வகுப்பில் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்தில் அதற்குச் செலவாகும் தொகை, பல்கலைக்கழகத்தின் முதல் வருடச் செலவைவிடக் கூடினாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கட்டத்திலும் உதவிகள் உண்டு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, வருமானத் தகுதியும் உள்ள பிள்ளைகளுக்கு மாதாந்த உதவுதொகை தொடர்ந்து கிடைக்கிறது. அண்மைய ஆண்டுகளில் ஜனாதிபதி நிதியம் ஒவ்வொரு கல்வி வலயத்திலிருந்தும் வறிய உயர்தர மாணவர்களைத் தெரிந்து மாதாந்தப் புலமைப்பரிசில் வழங்கியிருக்கிறது. செட்டிபாளையம் பட்டிருப்பு வலயத்துக்குள் அடங்குவதால், அறிவித்தல் வரும்போது வலயக் கல்வி அலுவலகத்திலும் பாடசாலை அதிபரிடமும் கேட்க வேண்டும். தகப்பனில்லாத பிள்ளையென்று சொன்னால் கட்டணத்தைக் குறைக்கும் தனியார் வகுப்பு ஆசிரியர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

மூன்று தடவை வரை உயர்தரம் எழுதலாம். மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதென்றும் இல்லை. அரச தாதியர் கல்லூரியில் பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு கிடைக்கிறது. உடனே வருமானம் தேவைப்படும் வீடுகளுக்கு அது நல்ல வழி.

இடைத்தரகர் வந்தால்

பெறுபேறு வந்த கையோடு சிலர் வீடு தேடி வருவார்கள். "வெளிநாட்டில் மருத்துவம், புலமைப்பரிசிலோடு இடம் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். கொஞ்சம் முற்பணம் கேட்பார்கள். காணி உறுதியையும் கேட்பார்கள். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்கு வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் மருத்துவப் படிப்புக்கு வழங்கப்படுவதில்லை. வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இங்கே வைத்தியராகப் பதிய இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று அறியாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். காணி உறுதியைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அதிகாலை பஸ்

வியாழக்கிழமை நுண்கடன் கூட்டத்துக்கு அக்கா போகவில்லை. சங்கத்துக் கடன் அடுத்த வாரம் கிடைத்தது. மகள் புறப்பட்ட அன்று விடியற்காலை நானும் பிரதான வீதிக்குப் போயிருந்தேன். அன்றும் அக்கா இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

இருபது வருடங்களாக இந்தப் பிரதேசத்தில் நாங்கள் வாங்கிய கடிதங்களில் நல்ல செய்தி சொன்னவை குறைவு. அதனால்தான் நல்ல கடிதம் வரும்போதும் எமக்குப் பயம் வருகிறது என்று நான் நினைக்கிறேன். தென்னிந்தியாவில் முத்துலட்சுமி ரெட்டி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, பெண் பிள்ளைக்கு டொக்டர் படிப்பா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1912இல் அவர் பட்டம் பெற்றார். இங்கே அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. "காசுக்கு என்ன செய்வாய்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்போம்.

சகோதரிகளே, உங்கள் ஒழுங்கையில் உயர்தரம் எழுதிய பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அந்தத் தாயிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவரென்றால் வாசித்துக் காட்டுங்கள். கடிதம் வந்துவிட்டதா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள்.

பஸ் ஏறும்போது மகள் திரும்பி, "மிஸ், அம்மாக்கு அடுத்த மாசம் பிரஷர் கிளினிக் இருக்கு, ஞாபகப்படுத்துங்க" என்றாள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு இப்போது என்னுடையது.